தர்ஷினியின் வாயும் சுகன்யாவின் குரலும்

அநியாயம் நடந்தது தர்ஷினிக்கு. நாடகத்தின் கதாநாயகி அவள்தான். ஆனால் வாயை மட்டும் அசைக்கட்டும், குரலை வேறொருத்தி கொடுக்கட்டும் என்று முடிவானது. முடிவெடுத்தவர், எங்கள் பல்கலைக்கழக வளாகத்துக்கு, நாடகம் படிக்கும் எங்களைப் பழக்க இந்தியாவிலிருந்து வந்திருந்த நடிகர். மேடையில் தொடங்கி, சினிமாவில் நடித்து, படங்களும் இயக்கியவர். நான் அவருடைய உதவி நெறியாளர். கோபம் முழுவதும் எங்களுக்கு, முடிவு முழுவதும் இன்னொருவருக்கு. அதுதான் இந்தத் தொழில். அந்தக் கதிரையில் இருந்து பார்த்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

வெட்டும் ஒட்டும்

மண்டபம் துறைமுகத்துக்குக் கிட்ட. கப்பல் ஊதினால் உள்ளே வசனம் கேட்காது. ஒவ்வொரு முறை ஊதும்போதும் அவர் "கட்!" என்றார், மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொன்னார். இடைஞ்சலையும் விழுங்கிக்கொண்டு நடிப்பதுதான் மேடை என்று நாங்கள் படித்திருந்தோம். லைட் போட வந்த கிண்ணியா நிஸார் நானா ஏணியில் நின்றபடி கேட்டார்:

"சேர், நீங்க இப்பிடி வெட்டிக்கொண்டே போனா, கடைசியில ஒட்டுறது ஆரு?"

திரைக்குப் பின்னால் மைக்

கடலுக்கு வரி கேட்கும் அரசனோடு ஒரு மீன்காரி வழக்காடுவதுதான் நாடகம். அரசன் அவரே. மீன்காரி தர்ஷினி, சல்லி என்ற கடற்கரை ஊரில் கரைவலை இழுக்கும் வீட்டுப் பிள்ளை. கடற்காற்றுக்கு மேலால் கத்திக் கத்திக் கரகரத்த குரல்.

"முகம் பிரமாதம். குரல்தான் சரியில்ல. திரைக்குப் பின்னால வேற பொண்ணு பேசட்டும். சினிமாவுல இதெல்லாம் சகஜம்" என்றார். எங்களோடு படிக்கும் பாலையூற்றுச் சுகன்யா தெரிவானாள். பாவம், அவள் கேட்டு வந்த வேலையில்லை. மீன்காரிக்கு ஏன் வானொலிக் குரல், மேடையில் மனிசர் முழுசாக நிற்கவேண்டாமா, சனம் நம்புமா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் சிரித்தார்.

"ஏம்மா, நீ நாடகம் படிக்கிறியா, சட்டம் படிக்கிறியா?"

கை

தர்ஷினி சண்டை போடவில்லை; அதுதான் எனக்கு இன்னும் கோபம். நாடகம் பார்க்க அவளுடைய அப்பா சல்லியில் பாதிச் சனத்தைக் கூட்டிவரப்போகிறார். அவள் வாய் திறந்தால் சுகன்யா பேசுவாள். ஒத்திகையில் அவளைப் பார்க்கச் சகிக்கவில்லை, கடைப் பொம்மை மாதிரி நின்றாள். என்னடி செய்யுது என்று கேட்டேன்.

"குரல் இல்லாட்டி கையை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்லையடி."

அவருடைய முதல் படம்

தேநீர் நேரத்தில் அவருடைய பழைய கதைகளைக் கிண்டினேன். தெருமுனை நாடகம், பிறகு ஊர் ஊராக மேடை, பிறகு ஒரு படத்தில் சின்ன வேடம். அந்தப் படத்தில் இவருடைய குரல் பிடிக்காமல் வேறொருவரைப் பேச வைத்துவிட்டார்களாம். அது தெரியாமல் தன் நாடகக்குழு முழுவதையும் தியேட்டருக்குக் கூட்டிப்போயிருக்கிறார். திரையில் இவர் வாய் திறந்ததும் எல்லோரும் திரையை விட்டுவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தார்களாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் தேநீரைக் குடிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவன் கேட்டானாம்:

"டேய், உனக்குள்ள யாருடா பேசுறது?"

கழுத்து

உடுப்போடு கடைசி ஒத்திகை. அரசன் தர்ஷினிக்கு எதிரே நின்று முழங்கினார்: "இந்தக் கடல் யாருடையது?" திரைக்குப் பின்னாலிருந்து சுகன்யாவின் பதில் வந்தது. மேடையில் வளர்ந்த உடம்பல்லவா, குரல் வந்த பக்கம் அவருடைய கழுத்து தானாகத் திரும்பியது, உடம்பும் கூடவே. அரசன் திரையைப் பார்த்து நிற்கிறார். மீன்காரி அவருடைய முதுகைப் பார்த்து வாயசைக்கிறாள். வெளியே கப்பல் ஊதியது. அவர் "கட்" சொல்லவில்லை. பிறகு கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பாமலே தர்ஷினியிடம் "நீயே பேசும்மா" என்றார்.

என் இத்தனை வாதத்துக்கும் அசையாத மனிசனை அவருடைய சொந்தக் கழுத்தே தோற்கடித்ததை எந்தப் பரீட்சைத் தாளில் எழுதுவதென்று நான் யோசித்துக்கொண்டிருக்க, தர்ஷினி இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அதே கரகரத்த குரலில் சொன்னாள்:

"ஓம் சேர், பேசுறன். நீங்கள் முதல்ல என்ரை முகத்தைப் பாத்துக் கேளுங்கோ."