கை காட்டக் கூடாத சட்டைகள்

பேத்தை மீனின் தோல் காயும்போது ஒரு வீச்சம் வரும். கருவாட்டு வீச்சம் இல்லை. மெழுகும் பழந்தோலும் ஒன்றாக வெயிலில் கிடந்தது போல இருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் குடியிருப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வீச்சம்தான். ஆத்துமாக்கள் திருநாள் வருகிறது என்று மூக்கு சொல்லிவிடும்.

நாங்கள் ராமேசுவரம் தீவுக்காரர்கள். பாம்பனுக்குக் கிழக்கே, கடலோரத்தில் ஓலை வீடுகள், ஒரு சின்னக் கோவில், கோவிலுக்குப் பின்னால் மணல்மேட்டில் கல்லறை. கார்த்திகை பிறக்கும் முன்னே நவம்பர் இரண்டாம் தேதி வந்துவிடும். அன்றைக்கு எல்லோரும் கல்லறையைச் சோடிப்போம். தீவின் அந்தக் கோடியில் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள் தங்கள் ஆட்களுக்குக் கடலில் பிண்டம் போடுவார்கள். இந்தக் கோடியில் நாங்கள் எங்கள் ஆட்களுக்கு விளக்கு வைப்போம்.

அந்த விளக்குக்குத்தான் பேத்தை. அது தின்ன ஆகாத மீன். நஞ்சு. வலையில் வந்தால் கரையில் வீசிவிடுவார்கள். கிடந்து பந்து போல உப்பிக்கொண்டு முள்ளைச் சிலிர்க்கும். பிள்ளைகள் நாங்கள் அதைப் பொறுக்கி வந்து கொடுப்போம். அம்மா குடலை எடுத்துவிட்டு உள்ளே மணலை அடைத்து வாயைக் கட்டி வெயிலில் வைப்பாள். பிறகு சாம்பல் போட்டுக் கையை இரண்டு தரம் கழுவுவாள். தோல் காய்ந்ததும் மணலைக் கொட்டினால் உருண்டை அப்படியே நிற்கும். அடியில் துளை போட்டு உள்ளே மெழுகுவத்தி நிறுத்த வேண்டியதுதான். பொழுது சாய்ந்த பிறகு பார்த்தால் முள் முளைத்த ஒரு தலை, கண் இருந்த இடத்தில் வெளிச்சத்தோடு நம்மையே பார்க்கும். கணவாய் மீனின் ஓட்டைச் சீவிப் பூச் செய்வதும் உண்டு. அது வெள்ளையாக இருக்கும். அதில் பயமில்லை.

பயம் சட்டையில்தான் இருந்தது.

கடலுக்குப் போய் உடம்பு கரைக்கு வராதவர்களுக்குக் குழி கிடையாது. அவர்களுக்கு மணலைக் குவித்து, சுற்றிச் சிப்பி பதித்து, தலைமாட்டில் இரண்டு கம்பைச் சிலுவையாகக் கட்டி நட்டு, அதில் அவர்கள் சட்டையை மாட்டுவார்கள். குறுக்குக் கம்பு இரண்டு கைக்குள்ளும் நுழைந்து நிற்கும். இதற்கு "உடுப்புக் கட்டுறது" என்று பேர். அந்த ஆள் போட்ட சட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆத்துமாவுக்கு அடையாளம் தெரியாது என்பார்கள். காற்று கிழித்துப் போகிற வரை அது நிற்கும். அடுத்த வருசம் மிச்சத் துண்டை ஒட்டுப் போட்டு வேறு துணியில் தைப்பார்கள். கோவிலில் பால்மாவும் கோதுமை மாவும் கொடுத்த காலம் அது. மாவுச் சாக்கிலே தைத்த சட்டைகள் நிறைய நின்றன. அந்தச் சாக்கில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற மாதிரி படம் அச்சடித்திருக்கும். உடம்பில்லாத சட்டை, நெஞ்சில் இரண்டு கை.

பக்கத்து வீட்டு ரோசம்மாக்கா ஒரு வருசம் சாக்கைத் தைத்துக்கொண்டே சொன்னாள்: "உசுரோட இருக்கயில, கல்யாணத்தன்னைக்கித் தவிர, எம் வீட்டு மனுசன் சட்டை போட்டு நான் பாத்ததே இல்ல. கோவிலுக்கே துண்டோட வருவாரு. செத்த பெறகு வருசா வருசம் புதுசு கேக்குறாரு." அம்மாவும் அவளும் சிரித்தார்கள். அப்போது அய்யா இருந்தார். அதனால் அம்மா சிரித்தாள்.

வாடைக்காற்று எழும்பினால் அந்தச் சட்டைகள் எல்லாம் உப்பிவிடும். வரிசையாகக் கடலைப் பார்த்துக் கையை விரித்துக்கொண்டு நிற்கும். கடலில் இருந்து வருகிறவனுக்குக் கரையில் ஆள் நிற்பது போலவே தோன்றும். அதனால் எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டு இருந்தது. உடுப்பு நிற்கும் நாட்களில் கரையைப் பார்த்துக் கை காட்டக் கூடாது. குரல் கொடுக்கக் கூடாது. காட்டினால், "செத்தவுககிட்ட வாரேன்னு சொன்ன மாதிரி" என்பார்கள்.

அய்யா காட்டிவிட்டார்.

அந்த வருசம் உடுப்புக் கட்டி நாலைந்து நாள் இருக்கும். அய்யாவும் பெரியப்பாவும் வத்தையில் கரைக்கு வந்துகொண்டிருந்தார்கள். வத்தை என்றால் பாய் கட்டிய சின்னப் படகு. பெரியப்பா அய்யாவுக்கு மூத்தவர். இரண்டு பேரும் ஒரே வத்தையில்தான் போவார்கள். மழை மூட்டம். வெளிச்சம் சரியில்லை. முன்பக்கம் அணியத்தில் நின்ற அய்யா கரையில் ஆள் நிற்கிறதென்று நினைத்துக் கையைத் தூக்கி, "ஏலே, கயித்தப் புடிங்கடா" என்று சத்தம் போட்டிருக்கிறார். யாரும் வரவில்லை. கிட்டே வந்த பிறகுதான் அது சட்டை என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அய்யாதான் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஒருத்தனும் அசையல. என்னடா இம்புட்டு மப்பா நிக்கிறானுகன்னு பாத்தா, அம்புட்டும் செத்த பயலுக." கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் அகப்பை அப்படியே நின்றது. பெரியப்பா சிரிக்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

கிறிஸ்மசுக்கு முன்னால் ஒரு நாள் பெரியப்பாவுக்குக் காய்ச்சல். அய்யா வேறு ஒருவரும் இல்லாமல் தனியாகப் போனார். மறுநாள் வத்தை மட்டும் கவிழ்ந்து கரை ஒதுங்கியது. தேடினார்கள். மன்னார்ப் பக்கம் ஒதுங்கியிருப்பான் என்றார்கள். அப்படி ஒதுங்கி மாசக்கணக்கில் அக்கரையில் கிடந்து திரும்பி வந்த ஆட்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். ஆகவே அம்மா தாலியைக் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவும் இல்லை. அடுத்த ஐப்பசி வரை.

அடுத்த ஐப்பசியில் பேத்தை வீச்சம் எழும்பியதும் பெரியப்பா வந்தார். கையில் இரண்டு கம்பு. ஒன்று அந்த வத்தையில் கிடந்த துடுப்பின் தண்டு.

"ஏத்தா, தம்பிக்கி இந்த வருசம் உடுப்புக் கட்டிருவம்" என்றார்.

அம்மா வலை முடிந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை. "ஆளு வந்து கேட்டா என்னத்த அத்தான் குடுக்குறது? இருக்குறது ஒரு சட்டை."

"வருசம் ஆகப் போவுது."

"ஆகட்டும்."

"மந்திரிக்காம விட்டா ஆத்துமா அலையுமுத்தா. ராத்திரி என்னால கண்ணு மூட முடியல. அன்னைக்கி நானும் போயிருக்கணும்."

அம்மா அடுத்த கண்ணியை முடிந்தாள். பெரியப்பா கம்புகளை எடுத்துக்கொண்டார். "நாளைக்கி மண்ணு குவிச்சு வைக்கிறேன். சட்டைய நீயே கொண்டாந்து மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் அந்தத் துடுப்புத் தண்டு மணலில் இழுபட்ட கோடு கிடந்தது. நான் அதை மிதிக்காமல் தாண்டி நடந்தேன். எனக்கு அப்போது மூன்றாம் வகுப்பு. அதோடு என் படிப்பும் நின்றது.

அம்மா பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்தாள். வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்குத் தைத்தது. திருநாளுக்கு மட்டும் போடுவார். முகர்ந்து பார்த்தாள். என்னிடம் நீட்டினாள். பீடியும் தேங்காயெண்ணெயும் மணத்தது. பிறகு வலை வெட்டுகிற கத்தியை எடுத்தாள். இரண்டு கைகளையும் தோளோடு அறுத்தாள். உடுப்புக்கு முக்கியமே கை. கை இல்லாவிட்டால் கம்பு எதற்குள் போகும்?

அந்திக்குள் மீதித் துணியைப் பிடித்துத் தைத்து எனக்கு ஒரு கவுன் ஆக்கிவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் எனக்குத் தலை சீவி அதைப் போட்டுவிட்டாள். நான் மாட்டேன் என்றேன். "உங்கய்யா சட்டைதானடி, கடிக்காது" என்றாள். ஒரு பேத்தை விளக்கை என் கையில் கொடுத்தாள். நடந்தோம்.

கல்லறையில் கூட்டம். மணலெல்லாம் விளக்கு. முள்ளு முள்ளாக, கண் கண்ணாக எரிகிறது. சட்டைகள் வரிசையாக உப்பி நிற்கின்றன. கடைசியில் ஒரு புதுக் குவியல். சுற்றிலும் சிப்பியை ரொம்பப் பொறுமையாகப் பதித்திருந்தார் பெரியப்பா. தலைமாட்டில் அந்தக் கம்பு மட்டும் மொட்டையாக நின்றது. நாங்கள் போகப் போக ஆட்கள் விலகினார்கள். ரோசம்மாக்கா என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்போதுதான் காற்று என் கவுனுக்குள் புகுந்தது. மற்றச் சட்டைகள் உப்பியது போலவே அதுவும் உப்பியது. நான் குனிந்து என் கையைப் பார்த்தேன். இருந்தது.

பெரியப்பா மெதுவாகத்தான் கேட்டார். "என்ன காரியம்த்தா பண்ணிட்ட?"

"புள்ளைக்கித் திருநாளுக்கு உடுப்பு இல்ல அத்தான்."

"செத்தவன் சட்டையப் போயி..."

"யாரு செத்தவன்?" என்றாள் அம்மா.

கோவில் மணி அடித்தது. சுவாமியார் தீர்த்தச் செம்போடு அந்தக் கோடியில் இருந்து மந்திரித்துக்கொண்டு வந்தார். அவருக்கு இந்த உடுப்பு வழக்கம் பிடிக்காது. ஆனாலும் ஒன்றும் சொல்ல மாட்டார். பெரியப்பா அவர் வருவதைப் பார்த்தார். மொட்டைக் கம்பைப் பார்த்தார். தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றினார். அந்தக் கம்பில் மாட்டிவிட்டார்.

பொம்பளைகள் "யேசுவே" என்று சத்தம் போட்டார்கள். உசிரோடு இருக்கிறவன் சட்டையை அந்த வரிசையில் யாரும் மாட்டியது கிடையாது. பெரியம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா வெறும் உடம்போடு நின்றார். "அவன் என் தம்பிதான். என் வேர்வ அவனுக்குத் தெரியும்" என்றார்.

காற்று அந்தச் சட்டையையும் நிரப்பியது. கை இரண்டும் விரிந்தது. அச்சு அசல் பெரியப்பா போலவே ஒருத்தர் கடலைப் பார்த்து நின்றார். பக்கத்தில் பெரியப்பா நின்றார். இன்றைக்கும் கண்ணை மூடினால் எனக்கு அந்த இரண்டு பேரும் தெரிகிறார்கள்.

சுவாமியார் வந்து சேர்வதற்குள் அம்மா முன்னால் போனாள். கம்பில் இருந்து அந்தச் சட்டையை உருவினாள். உதறினாள். பெரியப்பா கையில் கொடுத்தாள்.

"போடுங்க அத்தான். அக்கா அழுகுது பாருங்க. ஒரு வீட்டுல ஒண்ணு போதும்."

இவ்வளவுதான் சொன்னாள். பெரியப்பா சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை அம்மாவே போட்டுவிட்டாள். சுவாமியார் மொட்டைக் கம்புக்கும் தீர்த்தம் தெளித்தார். பாதி என் மேல் விழுந்தது. குளிர்ந்தது.

அதன் பிறகு கொஞ்ச காலம் பிள்ளைகள் என்னோடு விளையாடவில்லை. "ஏய், செத்தவஞ்சட்டை" என்று கூப்பிட்டார்கள். அந்தக் கவுன் கிழிகிற வரை போட்டேன். வேறு இல்லை. பெரியப்பா பிறகு உடுப்பைப் பற்றிப் பேசவே இல்லை. நெடுங்காலம் இருந்தார். கட்டிலில்தான் செத்தார்.

அய்யா வரவில்லை. அறுபத்து நாலில் அந்தப் பெரிய புயல் வந்தபோது கல்லறையும் கம்புகளும் எங்கள் வீடுகளும் மணலோடு போயின. பிறகு ஊரே தள்ளிக் குடியேறியது.

அம்மா கடைசியில் படுக்கையில் கிடந்தபோது நான் கேட்டேன். "அய்யா வருவாருன்னு நெனச்சா அந்தச் சட்டைய அன்னைக்கி வெட்டுன?"

"வெட்டுன சட்டையோட யாருடி காத்திருப்பா?" என்றாள். "அவரு போயிட்டாருன்னு வத்தை வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். அந்தச் சட்டை அங்கன நின்னா எவனாச்சும் கை காட்டுவான்ல. எம் வீட்டுச் சட்டை இன்னொருத்தி வீட்டு ஆளக் கூப்பிடக் கூடாதுன்னுதான்" என்றாள்.

"அப்ப தாலி?"

"அது வேற."

செத்த பிறகு அவள் பெட்டியில் அந்தச் சட்டையின் இரண்டு கைகள் இருந்தன. மடித்து வைத்திருந்தாள். சவப்பெட்டியை மூடும் முன் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாக வைத்தேன். தாலியும் கழுத்தில்தான் இருந்தது. அய்யாவுக்கு அதுதான் அடக்கம்.

இப்போது கல்லறை புது இடத்தில் இருக்கிறது. சிமெண்டு, கிரானைட்டு, போட்டோ. நவம்பர் இரண்டாம் தேதி சீரியல் பல்பு போடுகிறார்கள். பேத்தையைப் பிள்ளைகள் தொடுவதில்லை. கடலில் போனவர்களுக்கு ஒரே சுவரில் வரிசையாகப் பேர் எழுதியிருக்கிறார்கள். அய்யா பேரும் இருக்கிறது. படகுகள் மோட்டாரில் வருகின்றன. கரையில் யார் நிற்கிறார்கள் என்று போனில் கேட்டுக்கொள்கிறார்கள்.

போன வருசமும் போனேன். மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது வாடை எழும்பியது. என் சேலையை மட்டும் பிடித்து இழுத்தது. அந்தக் காற்று அப்படியே இருக்கிறது. போட்டுக்கொள்ளத்தான் அதற்கு அங்கே ஒரு சட்டையும் இல்லை.