அப்பாவுக்கு நான் எழுதிக்கொடுக்காத சொல்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. முதல் வருடத் திதிக்கு வந்திருந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பாவின் நேர்மை, உழைப்பு, இன்சொல் எல்லாவற்றையும் அண்ணன் முன்பக்கத்தில் எழுதிவிட்டான். ஒரு குணத்தை மட்டும் மரியாதை கருதி விட்டுவிட்டான். அதை நான் எழுதுகிறேன். எங்கள் அப்பா பயந்த சுபாவம் உள்ளவர்.

அவர் பிறந்தது மார்க்கையன்கோட்டையில். ஏழு வயதில், பள்ளிக்கூட வாசலுக்கு ஓர் ஆள் ஓடிவந்து "ஒங்கப்பன் வாய்க்கால்ல விழுந்துட்டாரு, வாடா" என்று கூப்பிட்டாராம். தாத்தா பிழைக்கவில்லை. அன்றைக்குப் பிடித்த பயம் கடைசிவரை விடவில்லை என்று அம்மா சொல்வார். அவரைப் பெற்ற அப்பாயி நாற்று நட்டுப் படிக்கவைத்ததில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தார். பிறகு சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டியில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். ஒன்பது மணி தேனி பஸ்ஸுக்கு எட்டு மணிக்கே போய் நிற்பார். "அண்ணே, ஒங்களுக்கு பஸ்ஸு வரலேன்னாலும் பயம், வந்தாலும் பயம்" என்று சித்தப்பா கேலி செய்வார். அப்பா சிரித்துக்கொண்டே பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி மண்டிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. "வாழைக்காய்க்கு மவுசு தெரியும். இதென்னத்தா, எலிக்கெல்லாம் மவுசுங்கிறாக?" என்று என்னிடம் கேட்டார். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான். ஒருநாள் திரையில் 'இல்லீகல் ஆபரேஷன்' என்று ஒரு பெட்டி குதித்தது. எங்கள் பக்கம் இல்லீகல் என்றால் கேரள எல்லையில் இருக்கும் குமுளி செக்போஸ்ட்தான். கடத்தல் மூட்டை, லாரி, போலீஸ் எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். அப்பா மின்விசிறியையும் சேர்த்து நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார். "மொதலாளி, நான் ஒண்ணுமே செய்யல. அங்கன ஒரு தட்டு தட்டுனேன், அம்புட்டுத்தேன்" என்றாராம். வைரஸ், ஹேங், எரர் என்று அந்த இயந்திரம் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் நாற்காலியை ஓர் அடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் பெண் நான்தான். மதுரையில் நடந்த நேர்முகத் தேர்வில், சென்னைக் கம்பெனி ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்தது. ஈ-மெயில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அதைத் திங்கட்கிழமை பிரவுசிங் சென்டரில் படித்தேன்; வீட்டில் கேட்டுக்கொண்டு அடுத்த நாள் பதில் எழுதலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் எனக்கு அம்மை போட்டுவிட்டது.

வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை நான் வெளியே போகக் கூடாது. அண்ணன் திருப்பூரில் இருந்தான். அந்த மெயிலில் போன் நம்பரும் இல்லை. வியாழக்கிழமை காலை அப்பா, "நான் போறேன் ஆத்தா. என்ன செய்யணும்னு எழுதிக் குடு" என்றார். எனக்குக் காய்ச்சலைவிடப் பயம் அதிகமாயிற்று.

படுத்தபடியே பதினொரு சொற்களை எழுதிக்கொடுத்தேன். பாஸ்வேர்ட் என்றால் சாவி, வாய்விட்டுச் சொல்லக் கூடாது, திரையில் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். இன்பாக்ஸ் என்றால் நமக்கு வந்த கடிதம் கிடக்கும் பெட்டி. ரிப்ளை என்றால் பதில். சேவ் என்றால் பத்திரப்படுத்துவது. சென்ட் என்றால் அனுப்புவது. லாக் அவுட் என்றால் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவது, இதை மறக்கவே கூடாது. இப்படிப் பதினொன்று. அனுப்ப வேண்டிய நான்கு வரியையும் ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு எழுத்துக்கும் இடைவெளி விட்டுக் கொடுத்தேன்.

மாரியாத்தாளிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு கிளம்பினார். பிரவுசிங் சென்டர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால், "ஒங்க மக எங்கண்ணே?" என்பார். அம்மை போட்ட வீட்டிலிருந்து வந்திருப்பது தெரிந்துவிடும். அதனால் மூலையில் இருந்த கம்ப்யூட்டருக்குப் போய், யார் முகத்தையும் பாராமல், ஒற்றை விரலால் ஒன்றரை மணி நேரம் தட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"பத்திரமாப் போட்டாச்சு ஆத்தா. கதவயும் சாத்திட்டேன். நீ நிம்மதியாக் கண்ண மூடு" என்றார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாக இல்லை. வேலைக்கான ஆர்டர் தபாலில் வரும் என்று அப்பா தெருமுனைக்கும் வீட்டுக்கும் நடந்தார். தபால்காரர் சைக்கிள் நின்றாலும் திக்கென்றது, நிற்காமல் போனாலும் திக்கென்றது. மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்றே நான் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன்.

அனுப்பிய கடிதங்களில் எதுவும் இல்லை. டிராஃப்ட் என்ற இடத்தில் ஒன்று என்று காட்டியது. திறந்தேன். நான்கு வரியும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருந்தன. கெடு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்டு உடனே எழுதினேன். அந்த இடம் நிரப்பப்பட்டுவிட்டது என்று, நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே பதில் வந்தது.

உண்மையை எழுதுவதென்று உட்கார்ந்துவிட்டேன், எழுதிவிடுகிறேன். என்னைச் சென்னைக்கு அனுப்பப் பயந்து, அப்பா வேண்டுமென்றே அனுப்பாமல் வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆத்திரத்தில் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல், சண்டை போடவே வீட்டுக்கு வந்தேன். அப்பா வாசலிலேயே நின்றிருந்தார்.

"வந்துச்சாத்தா?"

"இல்ல."

"எப்பிடி வராமப் போகும்? அங்கன ரெண்டு பட்டன் இருந்துச்சு. வெறும் சென்டுல விட்டா எங்கிட்டாச்சும் தொலைஞ்சுபோயிருமேன்னு, நான் டிராஃப்ட்டாவுல்ல போட்டேன்! சேவ் டிராஃப்ட்டுன்னே போட்டிருந்துச்சு. டிராஃப்ட்டு எப்பிடித்தா போய்ச் சேராம இருக்கும்?"

சண்டை போட வந்தவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மண்டிக்காக மாதம் தவறாமல் பேங்கில் பணம் கட்டி டிராஃப்ட் எடுத்து, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பியவர் அவர். "செக்கு திரும்பும், டிராஃப்ட்டு திரும்பாது" என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். கம்ப்யூட்டரில் அவர் பயப்படாத ஒரே சொல் அதுதான். என் வேலை தொலைந்துவிடக் கூடாதே என்று, இருந்த இரண்டில் பத்திரமானதைத் தேடி அழுத்தியிருக்கிறார். எந்தச் சொல் அவரைப் பயமுறுத்தும் என்று பார்த்துப் பார்த்து எழுதிய எனக்கு, அவர் நம்பிவிடக்கூடிய சொல் எது என்று தோன்றவே இல்லை.

"அவுக இந்த வருசம் ஆளே எடுக்கலையாம்ப்பா" என்றேன்.

"நான் அடிச்சதுல எதுவும் தப்பா?"

"இல்லப்பா. சுத்தமா இருந்துச்சு."

இரண்டு வருடம் வீட்டில் இருந்தேன். பிறகு தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில், புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கிடைத்தது. இன்றும் அதே வேலைதான். அது குறைவான வேலை என்று நான் நினைத்ததில்லை. அப்பாதான் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மெட்ராஸ்ல இருந்து வேற எதுவும் வரலையாத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

சென்ற ஆண்டு அவருக்கு இருதயம் பலவீனமாகி, தேனியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அந்தப் பன்னிரண்டு நாளும் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், கேட்ட நேரத்துக்கெல்லாம் கார் அனுப்பிய மண்டி முதலாளிக்கும், ரத்தம் கொடுக்கக் கம்பத்திலிருந்து வந்த அண்ணனின் நண்பர்களுக்கும், அம்மாவுக்குத் துணையாக எங்கள் வீட்டிலேயே படுத்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும் நாங்கள் காலத்துக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். தூக்கிச் சுமந்தவர்கள், பந்தல் போட்டவர்கள், சமைத்தவர்கள் எல்லோர் பெயரையும் எழுத இடம் இல்லை. பெயர் விட்டுப்போனவர்கள் வருத்தப்பட வேண்டாம்.

கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம். அறையில் நானும் அப்பாவும்தான் இருந்தோம். கஞ்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்தார்.

"போன மாசம் ஒங்கண்ணனுக்குப் போன்ல ஒரு மெசேஜ் அடிச்சேன் ஆத்தா. அது போகாம டிராஃப்ட்டுல கெடந்துச்சு. டிராஃப்ட்டுன்னா அனுப்பாம வச்சிருக்கிறதாம்ல, மண்டிப் பய சொன்னான்." மூச்சு வாங்கினார். "அன்னைக்கு ஒன் லெட்டரும் அப்பிடித்தேன் கெடந்துச்சா?"

"இல்லப்பா. அது போயிருச்சு."

"நெசமாவா?"

"நெசமாத்தேன்."

"பொய்யா இருந்தாலும் பரவால்லத்தா. இன்னொருக்கச் சொல்லு" என்றார்.

"போயிருச்சுப்பா" என்றேன். கஞ்சியை மிச்சம் வைக்காமல் குடித்தார்.

அந்தக் கடிதம் போகவில்லை அப்பா. என் வேலை போனதற்கு நீங்கள் காரணமும் இல்லை. அந்தப் பன்னிரண்டாவது சொல்லை எழுதிக்கொடுக்காதவள் நான்தான். உங்களிடம் ஒப்புக்கொள்ளத் தைரியம் இல்லாமல், இத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்கிறேன். பயம் உங்களுக்கு மட்டும் இல்லை.