தவளை கேம் வந்த வருஷம்

அன்று சிங்காரத்தோப்பில் என் பழைய வீடியோ கேம் கடையில் இருந்தது மூன்று பேர்: நான், பக்கத்து செல்போன் கடை பாய், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த அவர். ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் நாமம். கேசட் எதை எடுத்தாலும், சின்ன வயதில் தூசி போக ஊதிய பழக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு அதன் வாயில் ஊதுவார்.

தவளை கேமுக்கு ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தார். எடுத்து நீட்டினேன்.

"இதேதான், பேருதான் வேற. மாமா கப்பல்ல வேலை பாக்கறச்சே கொண்டுவந்தார். அதுல எழுத்தெல்லாம் பூச்சி பூச்சியா இருக்கும். தம்பி தவறிப்போறதுக்கு முன்னாடி என்னோட கடைசியா விளையாடினது" என்று தம்பி போன வருஷத்தையும் சொன்னார்.

எட்டாவதோடு நின்றவன் நான்; போனில் போட்டிருந்தால் அப்படியே நம்பிவிடுவேன். கேசட் மாறிவிட்டது என்று நாளை சண்டைக்கு வருவாரோ என்று பயம். போனில் தேடிக் காட்டினேன்.

"பாருங்க சார், இந்த கேமே அதுக்கு அடுத்த வருஷம்தான் வந்திருக்கு."

"விடேன்ப்பா, விளையாடினா விளையாடிட்டுப் போறாரு" என்றார் பாய்.

நான் விடவில்லை. "தேதியே போட்டிருக்கு பாய்."

அவர் கேசட்டை மேஜைமேல் வைத்தார். "அப்போ நான் யாரோட விளையாடினேன்?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

நான் காட்டியது அமெரிக்காவில் வெளியான தேதி. ஜப்பானில் அது வேறு பெயரில் இரண்டு வருஷம் முன்பே வந்திருக்கிறது. அந்தப் பூச்சி எழுத்து ஜப்பான் எழுத்துதான். இது எனக்குத் தெரிய ஒரு வாரம் ஆனது.

பெயர்கூடக் கேட்டு வைக்கவில்லை. ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினால் நாமம் போட்ட முகங்களைத் தேடுகிறேன், பார்த்தால் எப்படிச் சொல்வது என்றும் பயப்படுகிறேன். கேசட்டை யாருக்கும் விற்கவில்லை. அவருக்கு நான் திருப்பித் தர வேண்டிய அட்வான்ஸ் இருநூறு ரூபாய்.