நூல் அறுந்த சாயங்காலம்

மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குப் போன என் மனைவி, ஒரு வருடத்தில் இரண்டாவது முறையாக, மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள் மாலை ரயிலில் திரும்ப வேண்டும். எனக்கு ராஜபாளையம் நூல் மில்லில் வேலை. அன்று இரண்டு மணிக்குக் கிளம்பி, மிச்ச நேரத்தை அவளோடு கழிப்பதாகத் திட்டம். ஒன்றரைக்கு நூல் அறுந்து விழ ஆரம்பித்தது.

பஞ்சு நூலாக வேண்டுமென்றால் காற்றில் ஈரம் வேண்டும்; வறண்டால் நூல் அறும். ஈரத்தை அளக்கும் சென்சார் ஹாலின் நடுத்தூணில் இருக்கிறது. அது சொல்வதைக் கேட்டுத் தண்ணீர் தெளிக்கும் பம்புகள் ஓடும், நிற்கும். இந்தக் குடும்பத்துக்குப் பழுது பார்க்கும் வைத்தியன் நான்.

சென்சார் சொல்வதைக் காட்டும் போர்டில் ஈரம் எண்பத்தெட்டு சதவீதம். பம்புகள் நின்றுவிட்டன. ஹாலிலோ பஞ்சுத் தூசி வறண்டு பறந்து என் மீசையில் ஒட்டியது. போர்டு ஐப்பசி என்றது, ஹால் சித்திரை என்றது. நிதானமான மனிதன் யார் பொய் சொல்கிறார் என்று முதலில் யோசிப்பான். நான் கண்ட்ரோலரைக் கழற்றினேன். வேறொன்றை மாட்டினேன். அதுவும் எண்பத்தெட்டு என்றது. ஃபில்டரைக் கழுவினேன். ஒரு பாவமும் அறியாத வயர்களை எல்லாம் பிடித்து இழுத்தேன்.

நாலு மணிக்கு மனைவி போன் செய்தாள். இதே மில்லில் நூல் பரிசோதிக்கும் அறையில் முன்பு வேலை பார்த்தவள்.

“எங்க இருக்கீக?”

“போர்டு ஈரம்ங்குது, நூலு வறட்சிங்குது. எனக்குத் தலை சுத்துது.”

“நூலு பொய் சொல்லாது. சென்சாரைப் பாத்தீகளா?”

“தூரத்துல இருந்து பாத்தேன்.”

“மத்தியானம் தலைக்குத் தண்ணி ஊத்துனீகளா?”

“ஊத்துனேன்.”

“துண்டு எங்க?”

தோளைத் தடவினேன். இல்லை. வீட்டில் டிவி, அரிசி மூட்டை என்று நான் ஈரத்துண்டு போடாத இடம் கிடையாது. தூணுக்கு ஓடினேன். சென்சார் என் துண்டைப் போர்த்திக்கொண்டு நின்றது.

பக்கத்து மிஷின் அக்கா சொன்னாள்: “நீங்கதான் ஏதோ வைத்தியம் பண்ணிக் கட்டுப் போட்டுருக்கீகன்னு நெனச்சேன், அண்ணாச்சி.”

துண்டை எடுத்ததும் எண் சரிந்தது, பம்புகள் ஓடின. ஆனால் அவ்வளவு பெரிய ஹாலில் ஈரம் ஏற நேரம் பிடிக்கும். ஒவ்வொரு மிஷினாக நூல் அறுவது நின்றது. எல்லாவற்றிலும் நின்றால்தான் நான் கிளம்பலாம். என் மூன்றாம் நாள் அந்தத் தூணடியிலேயே கரைந்தது.

இனி வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. ஆனால் அவள் ஏறும் ரயில் ராஜபாளையத்தில் நின்றுவிட்டுத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போகும். பைக்கை ஸ்டேஷனில் போட்டுவிட்டு, சிவகாசிக்கு டிக்கெட் எடுத்து ஏறி, அவளுடைய சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பையோடு ஏறியவள் என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

“எந்திரிங்க. அது என் சீட்டு.”

நகர்ந்து இடம் விட்டேன். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டேன். மூன்று நாளும் அவள் சொன்னது அதைத்தான். மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். முடிப்பதற்குள் சிவகாசி வந்துவிட்டது.

எழுந்தபோது என் தோளில் கிடந்த துண்டை உருவித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

“இது இங்க கெடந்தா மில்லு தாங்காது.”

ரயில் போய்விட்டது. ராஜபாளையம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நடைமேடையிலேயே நின்றுகொண்டிருந்தேன். கை தானாகத் தோளைத் தடவியது.