மிஞ்சிய சுடுதண்ணீர்

ஹுன்னஸ்கிரியவில் ஒரு பெண் மௌத்தானால் முதலில் பள்ளிவாசலுக்குச் சொல்வார்கள், அடுத்ததாக நஸ்லியாவுக்குச் சொல்வார்கள். அடக்கம் செய்வதற்கு முன் அவள் போய்த்தான் மையித்தைக் குளிப்பாட்ட வேண்டும். அவளை யாரும் அந்த வேலைக்கு வைக்கவில்லை, கூலியும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் மௌத்தானபோது, மற்றப் பெண்களெல்லாம் வாசற்படியிலேயே தயங்கி நிற்க, இவள் ஒருத்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்குப் பிடித்தது இந்த வேலை. துணிந்தவள் தலையில்தானே ஊர் பாரத்தை ஏற்றும்.

மையித்து வீட்டில் அவளுக்கு இருக்கும் மரியாதை மௌலவிக்குக்கூடக் கிடையாது. ஆனால் அதே கை கல்யாண வீட்டில் மருதாணிக் கிண்ணத்தைத் தொட வந்தால், "நீங்க இரிங்க ராத்தா, நாங்க பாத்துக்கொள்றோம்" என்று தங்கச்சி முறையில் யாராவது நைசாக வாங்கிக்கொள்வார்கள். நஸ்லியா அதைக் கவனிக்காதவள் போல இருந்துவிடுவாள். கவனித்தாள் என்பது வீட்டுக்கு வந்தபின் பாத்திரம் கழுவும் சத்தத்தில் அவள் புருஷன் ஹபீலுக்கு மட்டும் தெரியும்.

அவளிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. மையித்துக்கு ஊற்றும் தண்ணீர் இளஞ்சூடாக இருக்க வேண்டும். இலந்தை இலை போட்டுக் கொதிக்க வைத்து, பச்சைத் தண்ணீர் கலந்து, பிள்ளைக்குப் பார்ப்பதுபோல் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றிப் பார்த்துத்தான் ஊற்றுவாள். செத்த உடம்புக்குச் சூடென்ன குளிரென்ன என்று ஒருமுறை யாரோ கேட்டதற்கு, "நீங்க போய்ப் பாத்திட்டா வந்தீங்க?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டாள். அவளுடைய இந்தப் பிடிவாதத்துக்காகவே பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு சிறிய தகரக் கொட்டிலில் காய்ந்த விறகு எப்போதும் அடுக்கியிருக்கும். மையித்துக்குத் தண்ணீர் காய்ச்ச மட்டும். கொட்டிலின் சாவி நஸ்லியாவின் இடுப்பில்.

ஹபீலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் நிற்கும் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். விடியற்காலையில் தோட்டத்துக்குப் போகிறவர்கள், கண்டிக்கு முதல் பஸ் பிடிக்கிறவர்கள், எல்லோருக்கும் அவர் கடைச் சூட்டில்தான் உடம்பு நிமிரும். கொதிக்கும் பொயிலரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே ஆயுளில் பாதியைக் கழித்த மனிதர். காஸ் கிடைக்காமல் நாடே வரிசையில் நின்ற வருஷத்தில் கடையை மூடினார். பிறகு காஸ் வந்தது, ஆனால் விலையைக் கேட்டுக் கடை திறக்கவில்லை. அத்தோடு மூச்சிழுப்பும் வந்து சேர்ந்தது.

அந்த டிசம்பரில் கடலில் எங்கேயோ புயல் என்றார்கள். புயல் மலைக்கு வரவில்லை, குளிர்தான் வந்தது. ஹுன்னஸ்கிரியக்காரர்களுக்குக் குளிர் என்ன புதிதா? ஆனால் இது எலும்புக்குள் பாய் விரித்துப் படுத்துக்கொண்ட குளிர். பகலிலும் பனி விலகவில்லை. மழை விடாமல் தூறியது. மரம் விழுந்து கம்பி அறுந்ததில் கரண்டும் போனது. நஸ்லியா வீட்டு காஸ் சிலிண்டரைப் படுக்கப் போட்டு உருட்டியும் பார்த்தாயிற்று, நீலச் சுடர் ஒரு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்தது. மண்ணெண்ணெய் வாங்கத் தெல்தெனியவுக்குப் போனவள் வெறும் போத்தலோடு திரும்பி வந்தாள்.

வீட்டில் கொஞ்சம் விறகு இருந்தது, ஆனால் எல்லாம் நனைந்த விறகு. பற்ற வைத்தால் நெருப்பு வராமல் புகைதான் வரும். அந்தப் புகை ஹபீலின் நெஞ்சுக்குள் இறங்கினால் மனிதர் கண் பிதுங்க இருமுவார். ஆக, அடுப்பை மூட்டினாலும் ஆபத்து, மூட்டாவிட்டாலும் ஆபத்து. காய்ந்த விறகு ஊரில் ஓரிடத்தில்தான் நிறைய இருந்தது. அதன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, புருஷன் நடுங்குவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பளையில் கட்டிக்கொடுத்த மகள் இன்ஷிரா போன் எடுத்து, "வாப்பாவக் கூட்டிக்கிட்டு இங்க வாங்க உம்மா" என்று அழுதாள். ஹபீல் போனை வாங்கி, "இந்த மூச்சோட பஸ்ஸில ஏறினா கம்பளைக்குப் போக முந்தி நான் வேற எடத்துக்குப் போயிருவன் மகள்" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது.

அன்று பின்னேரம் கம்பளிக்குள் சுருண்டுகொண்டு அவர் கேட்டார்: "நஸ்லி, அந்தக் கொட்டில்ல நாலு கட்ட எடுத்தா என்ன?"

"அது அமானிதம். மையித்துக்குக் குடுத்தது."

"நான் சும்மா கேட்டுப் பாத்தன்."

"ஊர் நம்பிச் சாவியத் தந்திரிக்கி. இண்டைக்கு எங்களுக்கு நாலு கட்ட, நாளைக்கு அடுத்த வீட்டுக்கு நாலு கட்ட. பொறகு மையித்துக்கு எங்க போற?"

ஹபீல் கம்பளியைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். பிறகு, "அப்ப மௌத்தானாத்தான் எனக்குச் சுடுதண்ணி கெடைக்கும் எண்டு சொல்லு" என்றார். பகிடியாகத்தான் சொன்னார். கடையில் உட்கார்ந்து ஊரையே பகிடி பண்ணிய வாய் அது. நஸ்லியா அவர் வாயைப் பொத்தினாள். கை பட்ட கன்னம் பச்சைத் தண்ணீரில் கிடந்த கல்போல் இருந்தது. அவளுக்கு அழுகை வந்தது, ஆனாலும் சாவியை எடுக்கவில்லை. நல்லவளாக இருப்பதும் சில நேரம் பெரிய பாவமாகிவிடுகிறது, என்ன செய்ய.

மறுநாள் காலையில் மேல் வளைவில் இருக்கும் ஆஸிகாவின் மாமி மௌத்து. வயதான மனிசி, ஏற்கெனவே படுக்கையில் கிடந்தவர், குளிர் கொண்டுபோய்விட்டது. நஸ்லியா கொட்டிலைத் திறந்தாள். காய்ந்த விறகின் வாசம் முகத்தில் அடித்தது.

ஆஸிகா வீட்டுப் பின்புறத்தில் அடுப்பு மூட்டினார்கள். அந்த மனிசியின் உடம்பு ஒரு கைப்பிடி. அதற்குப் பாதி அண்டாத் தண்ணீர் தாராளம். அது நஸ்லியாவுக்குத் தெரியாதா? இருந்தும் அண்டாவை விளிம்பு வரைக்கும் நிரப்பினாள். "ராத்தா, இவ்வளவும் என்னத்துக்கு?" என்று ஆஸிகா கேட்டதற்கு, "குளிருக்குள்ள கெதியா ஆறிரும்" என்றாள். ஒரு கட்டையைக்கூடத் தொடாதவள் ஓர் அண்டாவுக்குக் கணக்குக் காட்டினாள்.

குளிப்பாட்டி முடிந்தபோது கால்வாசித் தண்ணீர் மிஞ்சியிருந்தது. அப்படி மிஞ்சுவதை மரத்தடியில் ஊற்றிவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, கொண்டுபோனால் மௌத்து பின்னாலேயே வரும் என்று ஊரில் ஒரு பேச்சு. மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று மௌலவி எத்தனையோ முறை சொல்லிவிட்டார். நஸ்லியாவும் தலையாட்டிக் கேட்டிருக்கிறாள். ஆனால் இத்தனை காலமும் ஒரு சொட்டு விடாமல் மரத்தடியில் ஊற்றியவளும் அவள்தான்.

அன்றைக்கு அவள் ஆஸிகாவிடம் ஒரு பெரிய கேத்தலை இரவல் கேட்டாள். எல்லோரும் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போன நேரத்தில் அதை நிரப்பி, முந்தானையால் மூடிக்கொண்டு, பின்வழியால் இறங்கினாள். ஒழுங்கையில் கால் வழுக்கியது. விழுந்தாலும் கேத்தல் விழக்கூடாது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். யா அல்லாஹ், மன்னிச்சிரு, யா அல்லாஹ், மன்னிச்சிரு என்று வழி முழுக்க அதே வார்த்தை.

"இஞ்சருங்க, ஆஸிகா வீட்டு அடுப்பில கேட்டுக் கொஞ்சம் கொதிக்க வச்சன். கால நீட்டுங்க" என்றாள்.

ஹபீல் எழுந்து உட்கார்ந்தார். கேத்தலின் மூடியைத் திறந்தபோது எழுந்த ஆவியில் முகத்தை வைத்து, கண்ணை மூடி, ஒரு நீண்ட மூச்சு இழுத்தார். அத்தனை நாளில் தடங்கலில்லாமல் உள்ளே போன முதல் மூச்சு அது. நஸ்லியா துணியை நனைத்து முதுகைத் துடைத்தாள், கையைத் துடைத்தாள், பேசினில் ஊற்றி இரண்டு காலையும் உள்ளே வைத்தாள். எத்தனையோ பேரைக் கழுவிய கை, இத்தனை மெதுவாக யாரையும் கழுவியதில்லை. கால்விரல்கள் நீலத்திலிருந்து மெல்லச் சிவந்தன. அவர் ஒன்றும் கேட்கவில்லை. "ஆஹ்" என்றார், அவ்வளவுதான். அன்று இரவு குறட்டைவிட்டுத் தூங்கினார். நஸ்லியா அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே சந்தோஷத்தில் விழித்திருந்தாள்.

சந்தோஷம் அந்த ஓர் இரவுக்குத்தான். பனி விலகவில்லை, மறுநாள் கேத்தல் சுடுதண்ணீரும் இல்லை. அதற்கடுத்த நாள் ஹபீலுக்குக் காய்ச்சல் கண்டது, உதடு கறுத்தது. த்ரீவீலில் தெல்தெனிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெஞ்சில் சளி இறுகிவிட்டது, குளிரில் வைத்திருந்திருக்கிறீர்கள், பிந்திவிட்டது என்றார் டாக்டர். நஸ்லியா தலையாட்டினாள். அவளுக்குக் காரணம் தெரியும் என்று அவள் நினைத்தாள். மௌத்தைக் கேத்தலில் ஊற்றி, முந்தானையால் மூடி, வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தானே? அந்த நினைப்பு அவள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கட்டிலருகே அவள் ஓதிக்கொண்டிருந்தாள். ஹபீல் கையைத் தேடிப் பிடித்து, வாயில் இருந்த மாஸ்க்கை விலக்கினார்.

"அந்தத் தண்ணி," என்றார். "இலந்த எல வாசம் அடிச்சிச்சு நஸ்லி."

அவள் ஓதுவதை நிறுத்தினாள். "தெரிஞ்சா இருந்தீங்க?"

"முப்பது வருஷம் தண்ணி கொதிக்க வச்சவன். தண்ணிட வாசம் எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

ஹபீல் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "சொன்னா நீ ஊத்தியிருக்க மாட்டாய்." கொஞ்சம் பொறுத்து, "நல்ல சூடு" என்றார்.

நஸ்லியா அவர் கையில் முகத்தை வைத்து அழுதாள். மாஸ்க்கை அவளே திரும்பப் போட்டுவிட்டாள். அன்று அந்தி மக்ரிபுக்கு முன் அவர் மௌத்தானார்.

ஜனாஸாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது இன்ஷிராவும் கம்பளையிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். ஆம்பிளையைக் குளிப்பாட்ட ஆம்பிளைகள் வந்தார்கள். ஆனால் தண்ணீர் காய்ச்சும் வேலையை நஸ்லியா யாருக்கும் கொடுக்கவில்லை. "நீங்க இரிங்க ராத்தா" என்று ஆஸிகா கையைப் பிடித்தபோது உதறிவிட்டாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்து, விறகைக் கொண்டுவரச் சொன்னாள். வந்த விறகை அடுக்கினாள். அத்தனையும் அவர் கேட்ட விறகு. அவர் கேட்டது நாலு கட்டை. இப்போது ஒரு கட்டு நிறைய வந்து குவிந்திருந்தது, யாரும் கணக்குக் கேட்கவில்லை. நெருப்பு சடசடவென்று பிடித்துக்கொண்டது. புகையே இல்லை. அடுப்பங்கரை அந்த மாதத்தில் முதல்முறையாகச் சூடானது.

அண்டாவை விளிம்பு வரைக்கும் நிரப்பியிருந்தாள். மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்தாள். கொஞ்சம் பச்சைத் தண்ணீர் கலந்தாள், திரும்பவும் ஊற்றிப் பார்த்தாள். "அவருக்குக் கொஞ்சம் கூடுதலாச் சூடு வேணும்" என்று வாளியைத் தூக்க வந்தவரிடம் சொன்னாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒவ்வொரு வாளிக்கும் காது கொடுத்தாள்.

ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுப்பங்கரையில் அண்டாவின் அடியில் தண்ணீர் மிஞ்சியிருந்தது.

"ராத்தா, மரத்தடியில ஊத்திட்டு வாறன்" என்று ஆஸிகா குனிந்தாள்.

"வை" என்றாள் நஸ்லியா.

"இது மையித்துத் தண்ணி ராத்தா."

"எனக்குத் தெரியும். வை."

அவள் பேசினை எடுத்து வைத்து, மிச்சத்தை ஒரு சொட்டு விடாமல் அதில் ஊற்றினாள். பிறகு அடுப்பின் முன் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே வைத்தாள். தண்ணீரில் இன்னும் சூடு இருந்தது. அது ஆறும்வரைக்கும் அவள் எழுந்திருக்கவில்லை.