நடந்து ஓட்டும் வண்டி

இங்கிலாந்தின் இந்தக் கடலோர ஊரில் நான் தெருக் குப்பை அள்ளும்போது எனக்காகக் கார்கள் நிற்கின்றன. என் கையில் இருப்பது பேட்டரி வண்டி. உட்கார இடம் கிடையாது. கைப்பிடியைப் பிடித்தபடி கூடவே நடக்க வேண்டும். கையை எடுத்தால் நின்றுவிடும். வேலையில் சேர்ந்த அன்று, இதற்கு லைசென்ஸ் வேண்டாமா என்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "நோ, நோ. யூ ஆர் எ பெடஸ்ட்ரியன்" என்றார். நடையைக் கட்டு என்கிறார் என்று நினைத்து, சாவியை மேசையில் வைத்துவிட்டு வெளியேறிவிட்டேன். அவர் ஓடிவந்து, இது சட்டப்படி வாகனமே இல்லை, இதனோடு நடக்கும் நீ வெறும் பாதசாரிதான் என்று கைகளை ஆட்டி விளக்கினார்.

போனில் இதைச் சொன்னபோது ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காமல் கேட்டவர் அண்ணன் மட்டும்தான். கொல்லிமலையில் எங்கள் காட்டிலிருந்து தார்ச்சாலைக்கு ஒடுங்கிய மண்தடம்தான் உண்டு. மிளகும் மரவள்ளியும் தலைச்சுமையாகவே வரும். நான் அனுப்பிய படத்தைக் காட்டி, சேலத்துப் பட்டறையில் அதே மாதிரி ஒன்றைச் செய்துகொண்டார். கையை எடுத்தால் நிற்கும் வசதி மட்டும் அதில் இல்லை. படத்தில் அது தெரியாது.

நான் விடுப்பில் ஊருக்குப் போயிருந்தேன். மழை விட்ட ஒரு மதியம், அண்ணி மரவள்ளி மூட்டைகளோடு வண்டியை இறக்கத்தில் கொண்டுவந்தார். கைப்பிடியைப் பிடித்து முன்னால் நடந்தவருக்குச் சேறு வழுக்கியது. கை விட்டுப்போனது. வண்டி நிற்கவில்லை. அவர் வலது காலின் மேல் ஏறி, பாறையில் முட்டித்தான் நின்றது.

ஆம்புலன்ஸால் தார்ச்சாலையைத் தாண்டி வர முடியவில்லை. தூக்கிப்போக ஆட்களும் இல்லை. மூட்டைகளைத் தள்ளிவிட்டு, அண்ணியை நசுக்கிய அந்த வண்டியிலேயே அவரைக் கிடத்தினோம். "இதுல வேண்டாஞ் சாமி, இதுல வேண்டாம்" என்று அலறினார். அண்ணன் கைப்பிடியைப் பிடித்தார். நான் அண்ணியின் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

தார்ச்சாலையில் ஆம்புலன்ஸ் அருகே ஒரு ஏட்டும் நின்றிருந்தார். அண்ணியை ஏற்றி முடிக்கும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"ஏய்யா, இதுக்கு நம்பர் எங்க?"

"நடந்து ஓட்டறதுங்க" என்றார் அண்ணன்.

"மோட்டார் இருக்குதில்ல? அப்ப வாகனந்தான். ஆளை வேற ஏத்தியிருக்கற."

இங்கிலாந்துச் சட்டத்தைச் சொன்னேன். ஏட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அந்தம்மாவ அங்கயே போயி விழுகச் சொல்லுங்க."

அண்ணனைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாமக்கல் ஆஸ்பத்திரியில் அண்ணியின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவர் தேடியது அண்ணனைத்தான். ஸ்டேஷனில் இருந்தவரை, மருந்து வாங்கப் போயிருப்பதாகச் சொன்னேன்.

விபத்து உதவி கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அம்மா வண்டியின் படத்தைப் பார்த்தார். "இது தள்ளுவண்டிங்க. வாகன விபத்துன்னாத்தான் தர முடியும்."

"போலீஸ்ல வாகனம்னு கேஸ் போட்டிருக்காங்களே?"

"அதை அவங்ககிட்டக் கேளுங்க" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஜாமீனில் வந்த அண்ணன் என்னோடு பேசவில்லை. புறப்படும் காலை, கட்டிலருகே நின்று, "வாரேன் அண்ணி" என்றேன்.

அண்ணி சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒம் படத்தப் பாத்துத்தான செஞ்சாங்க. வாரேன்னு சொல்லாத கண்ணு. போறேன்னே சொல்லு."

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் அடிவாரத்துக் காரவள்ளியை நோக்கி இறங்கியது. வளைவுக்கு வளைவு எங்கள் மலை ஒருமுறை இந்த ஜன்னலிலும் மறுமுறை அந்த ஜன்னலிலும் வந்தது. இருக்கையிலிருந்து எழுந்து, இரண்டும் தெரியும்படி நடுவில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டேன்.