குப்பைமேட்டில் ஒரு சூடத் தட்டு

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனி லைனை மூடியபோது எனக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அந்த வயதில் கிடைத்தது குப்பை வேலை. தெருமுனைக் குப்பை இல்லை. அடியில் களிமண், மேலே தடித்த கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் அடுக்கடுக்காகக் குப்பை, அங்கங்கே வாயு வெளியேற நட்ட குழாய்கள் என்று கட்டிய நவீன குப்பைமேடு. முதலில் பாதுகாப்புப் பயிற்சி.

பயிற்சி கொடுத்த மேடம் சிரிக்காதவர். "உங்க காலுக்குக் கீழ குப்பை அழுகிட்டே இருக்கு. அதுலேர்ந்து மீத்தேன் வருது. குழாய்கிட்ட தீ வந்தா வெடிக்கும்" என்றார். அன்றிலிருந்து அந்த மேட்டில் நான் நடந்தது, தூங்கும் மாமியாரைத் தாண்டுகிறவன் நடை. மற்றவர்கள் இடுப்பில் மாட்டிய வாயு மீட்டரை, சும்மா கத்துகிறது என்று அணைத்து வைத்தார்கள். நான் கக்கூஸுக்கும் மாட்டிக்கொண்டு போனேன். பயம் வந்தால் எனக்கு வாய் ஓயாது.

"மேடம், ராத்திரி சாப்ட்ட மொச்சைக்கும் இது கத்துமா?"

"கத்தினா நீங்க வேலைக்கு வர வேணாம்" என்றார்.

பயிற்சியின் கடைசி வாரம் மேட்டுக்குப் புது கம்பாக்டர் வந்தது; குப்பையை மிதித்து இறுக்கும் இரும்புச் சக்கர வண்டி. பூஜை போடாமல் ஏற மாட்டேன் என்றார் மணிமங்கலத்து டிரைவர். மேடம் கேட்டில் லாரிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். எங்களிடம் பூசணிக்காய், எலுமிச்சை, தட்டு நிறையச் சூடம். பீடி, சிகரெட், லைட்டர், வெல்டிங் எதுவும் மேட்டில் கூடாதென்று எல்லோருக்கும் மனப்பாடம். பீடிக்காரர்கள் பீடியைக் கேட்டிலேயே ஒப்படைத்திருந்தார்கள். ஆனால் பூஜைப் பையில் இருந்த தீப்பெட்டி யார் கண்ணிலும் படவில்லை. சூடத்தை நெருப்பு என்று ஒருவரும் நினைக்கவில்லை. அது சாமி விஷயம். தட்டை ஏந்தியவனே நான்தான்.

சூடம் எரிந்தது. முன்சக்கரத்துக்குக் காட்டிவிட்டு, வாயுக் குழாய் நின்ற பின்பக்கம் திரும்பினேன். என் இடுப்பு அலறியது. ஆம்புலன்ஸ் எங்கிருந்து வருகிறது என்று சுற்றிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது.

"அணைங்கய்யா! யாராவது ஊதுங்க!"

"சூடத்தப் போயி வாயால ஊதுறதா? இன்னா பேசுற நீ? தானா மலையேறணும்யா. வண்டிக்கு ஆவாது" என்றார் டிரைவர்.

"வண்டியே இருக்காதுய்யா!"

"அப்ப நீயே ஊது."

வாயைக் குவித்தேன். சத்தியமாகக் குவித்தேன். காற்று வரவில்லை. ஒரு பக்கம் வெடித்துச் சாவு, இன்னொரு பக்கம் சாமி குத்தம், நடுவில் தட்டு. கீழே போடலாமென்றால் காலடியெல்லாம் காய்ந்த பிளாஸ்டிக்.

மேடம் சொன்னதில் ஒன்றுதான் மண்டையில் மிச்சமிருந்தது: மீட்டர் கத்தினால் ஓடாதே, காற்று வரும் திசைக்கு நட. கம்பத்தில் கட்டிய துணி செம்பரம்பாக்கம் பக்கம் பறந்தது. நான் அதற்கு நேரெதிராக, கேட்டைப் பார்த்து நடந்தேன். எதிர்க்காற்றில் சுடர் சாய்ந்தது. உடனே என் இன்னொரு கை தானாகப் போய் அதை அணையாமல் மறைத்துக்கொண்டது! அணைந்தால்தான் பிழைப்போம் என்பது மூளைக்குத் தெரியும். கைக்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. ஒருவர் கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டார். வீட்டில் அவளுக்கு என்ன சொல்வார்கள்? உன் புருஷன் சாமி கும்பிடும்போது வெடித்துப் போனான் என்றா?

மீட்டர் மெல்லத் தணிந்து, பிறகு நின்றது. கேட்டருகே வெறும் செம்மண்ணில் தட்டை வைத்தேன். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது.

"என்ன இது?" என்றார் மேடம்.

"சூடம் மேடம்."

"எங்கேர்ந்து எடுத்துட்டு வர்றீங்க?"

குழாயைக் கை காட்டினேன். அவர் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, தட்டுக்கு முன்னால் குந்தினார். அவரும் ஊதவில்லை. சூடம் தானாக அடங்கும்வரை எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மேடம், பின்சக்கரத்துக்கு இன்னும் காட்டல" என்றார் டிரைவர்.

"வண்டிய இங்க கொண்டு வாங்க. இனிமே எந்தப் பூஜையும் கேட்டுக்கு வெளியதான்" என்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துதான் மேடம் இருக்கேன்" என்றேன். எப்போது உட்கார்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.